ஹெர்ட்ஸ் மூடிய பெட்டி

"மாமா, ரேடியோ ஸ்டேஷன்லேருந்து செகண்டுக்கு எத்தனை ஃபோட்டான் கிளம்பும்?" என்று என் மருமான் ஒரு நாள் மாலை கேட்டான்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் என்ற ரோஷம் எனக்கும் உண்டு. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

கணக்கு என்னவோ ஒரு வரிதான். பிளாங்க் என்ற ஜெர்மானியர் 1900-ல் ஓர் எண்ணைக் கண்டார். புள்ளி வைத்து, 33 சுழி போட்டு, அப்புறம் 66 என்று எழுத வேண்டும். அத்தனை சின்ன எண். அலை விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதை இந்த எண்ணால் பெருக்கினால் ஒரு ஃபோட்டானின் சக்தி. நிலையம் விநாடிக்கு வெளியே அனுப்பும் சக்தியை அதனால் வகுத்தால் விடை. ஒரு கிலோவாட் நிலையம், பத்து லட்சம் அதிர்வு என்று வைத்துக்கொண்டோம். 15 போட்டு, அதன் பின்னால் 29 சுழிகள் வந்தன. பையன் சுழிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ரேடியோவை அலை என்றுதானே சொல்கிறோம்? அலையில் எண்ணுவதற்கு மணிகள் எங்கிருந்து வந்தன? புத்தகங்களைப் புரட்டினால், ரேடியோ அலையைக் கண்டுபிடித்த ஹெர்ட்ஸிடமே கதை ஆரம்பமாகிறது.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857-ல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். 1885-ல் கார்ல்ஸ்ருஹே நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். ஒரு பக்கம் பெரிய மின்பொறி பறக்கும். எட்ட வைத்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியில் பதிலுக்கு ஒரு பொறி துடிக்கும். இந்தப் பதில் பொறி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. நன்றாகப் பார்ப்பதற்காக அதைச் சுற்றி ஓர் இருட்டுப் பெட்டியை வைத்து மூடினார். இருட்டில் பளிச்சென்று தெரிய வேண்டியதுதானே? பொறி இன்னும் குட்டையாகிவிட்டது!

வேறொருவராக இருந்தால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஹெர்ட்ஸ் தம் பிரதான ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தச் சில்லறைத் தொந்தரவின் பின்னால் மாதக்கணக்கில் அலைந்தார். இரண்டு பொறிகளுக்கும் நடுவே கண்ணாடியை வைத்தால் குட்டையாகிறது. படிகக்கல்லை வைத்தால் ஆகவில்லை. முதல் பொறியின் புற ஊதா ஒளி இரண்டாவது பொறிக்குக் கைகொடுக்கிறது என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்தது போல எழுதவும் இல்லை. கண்டதை மட்டும் 1887-ல் வெளியிட்டுவிட்டு அலைகளுக்குத் திரும்பினார். மறு வருஷம் அவற்றை அளந்தே காட்டிவிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அந்த வெளியீடுதான்.

1894 ஜனவரி 1-ந் தேதி, 36-வது வயதில் காலமானார்.

பெட்டியின் விஷயத்தைத் தொடர்ந்தவர் பான் நகரில் அவரிடம் உதவியாளராக இருந்த லெனார்டு. வெளிச்சத்தைக் கூட்டினால் உலோகத்திலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, வேகம் கூடவில்லை என்று 1902-ல் காட்டினார். அலையாக இருந்தால் இது பொருந்தாது. ஒளி மணி மணியாக வருகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னார். மணிக்கு ஃபோட்டான் என்ற பெயர் 1926-க்குப் பிறகுதான் நிலைத்தது. ஐன்ஸ்டீனுக்கு 1921-ம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காகவே கிடைத்தது. லெனார்டுக்கு அது பொறுக்கவில்லை. யூத வெறுப்பு முற்றி, ஹிட்லரின் கட்சியில் சேர்ந்து, ஜெர்மன் பௌதிகம் என்றே தனியாக ஒன்றை ஸ்தாபிக்கப் பார்த்தார். ஹெர்ட்ஸின் தகப்பனார் யூத வம்சத்தில் வந்தவர். ஹெர்ட்ஸின் விதவையும் இரண்டு பெண்களும் 1930-களில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. நாவலில் இப்படி எழுதினால் மிகை என்பார்கள்.

ஒரே மேஜையில் அலையும் மணியும் ஹெர்ட்ஸின் முன் வந்து நின்றிருக்கின்றன. அலையில் ஏன் மணி தெரியவில்லை? பையன் போட்ட கணக்கிலேயே பதில் இருக்கிறது. புற ஊதா ஒளியின் ஒரு ஃபோட்டான், எங்கள் கணக்கு ரேடியோவின் 100 கோடி ஃபோட்டான்களுக்குச் சமம். அது ஒற்றை ஆளாக வந்து எலெக்ட்ரானைத் தள்ளிவிடும். ரேடியோ மணியோ அத்தனை பொடி. கணக்கில்லாமல் சேர்ந்து வரும்போது தண்ணீராகவே ஓடுகிறது.

இன்னொன்றும் படித்தேன். கிளாபர் என்ற அமெரிக்கர் 1963-ல் எழுதியதன்படி, ஒழுங்காக அதிரும் இத்தகைய அலையில் ஃபோட்டான்களுக்கு நிச்சயமான எண்ணிக்கையே கிடையாது. நாங்கள் வகுத்து எடுத்தது சராசரிதான்.

காலையில் மருமானிடம் இதைச் சொன்னேன். நேற்றைய தாளைத் தேடி எடுத்து, 15-க்கு முன்னால் இருந்த கொஞ்சம் இடத்தில் 'சுமார்' என்று நெருக்கி எழுதினான்.