லயத்து வீட்டில் தொடங்கிய கல்வி



"எனக்கே எழுத்துத் தெரியாது. பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது, வாத்தியாரே?" என்று தோட்டத்துத் தாய்மார் கேட்பதுண்டு. நம் முன்னோரின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு, பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. தோட்டங்களுக்கு அது பரவ நெடுங்காலம் ஆயிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்ததே தவிர, வசதி வரவில்லை. பல தோட்டங்களில் ஒரே அறைதான் பள்ளி. கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர்.

அந்நிலையிலும் பிள்ளைகள் படித்தார்கள். எப்படி? பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். ஆயாக் கொட்டகையிலும் பாட்டியின் மடியிலும் தாலாட்டு, கதை, விடுகதை கேட்டே குழந்தை வளர்ந்தது. சொற்களை நிறையச் சேர்த்துக்கொண்ட பின்னரே அது எழுத்தைக் கண்டது. ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்தது. அதைக் கேட்டு ஒப்பிக்கும் குழந்தைக்கு, புத்தகத்தைத் தொடுமுன்பே எழுத்துகளின் ஒலி காதில் பதிந்துவிடும்.

பிறகு செய்தித்தாள் வந்தது. கோலாலம்பூரில் 1924இல் தமிழ் நேசனும், சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசும் தோன்றின. ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றிலும் பலர் கேட்பார்கள். அங்கே அமர்ந்திருந்த சிறுவனுக்கு, தாளில் உள்ள எழுத்து பேசும் என்பது புரிந்தது. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. உரக்கப் படிக்கும் பழக்கமும் பல வீடுகளில் இன்று இல்லை.

அதை நாம் மீட்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையோடு பத்து நிமிடம் பேசுங்கள். அன்று கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். பல், பந்து, பட்டம் என ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைக் கேட்டு விளையாடுங்கள். சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலும், கோயில் திருவிழா அழைப்பிதழிலும் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடட்டும். மூத்த பிள்ளை இளையதற்கு உரக்கப் படிக்கட்டும். நீங்கள் அருகில் அமர்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுத்தைக் கற்பிப்பது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. அதற்குமுன் காதையும் நாவையும் பழக்குவது உங்களால் ஆகும் காரியம். இன்றிரவே தொடங்குங்கள்.