பொம்மைச் சோதனை

பொம்மைச் சோதனை என்பது, இனம் பற்றிய மனப்பான்மை குழந்தைப் பருவத்திலேயே வேரூன்றுவதைக் காட்டிய அமெரிக்க உளவியல் ஆய்வு. கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க் (1914–2005), அவர் மனைவி மேமி கிளார்க் (1917–1983) ஆகியோர் இதை நடத்தினர். முடிவுகள் 1947-இல் வெளியாயின.

செய்முறை: மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள் பங்கேற்றனர். தோல் நிறத்திலும் தலைமுடியிலும் மட்டுமே வேறுபட்ட வெள்ளை, பழுப்புப் பொம்மைகளைக் காட்டி, விளையாட விரும்புவது எது, நல்லது எது, பார்க்க மோசமாக இருப்பது எது என்று கேட்டனர். உன்னைப் போல் இருப்பது எது என்ற கேள்வி கடைசியில் வந்தது. அதைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுதனர்.

முடிவுகள்: மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினர், 59 சதவீதத்தினர் பழுப்புப் பொம்மையே மோசம் என்றனர். இனவாரியாகத் தனித்தனிப் பள்ளிகள் இருந்த ஆர்கன்சா மாநிலத்தைவிட, இரு இனத்தவரும் சேர்ந்து படித்த மாசசூசெட்ஸில் வெள்ளைப் பொம்மை விருப்பம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. யாரும் பாடமாகச் சொல்லித் தராவிட்டாலும், சுற்றியுள்ள சமூகத்தின் மதிப்பீடுகளைப் பிஞ்சு மனம் உள்வாங்கிவிடுகிறது.

தாக்கம்: பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த பிரவுன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வுரை இடம்பெற்றது. ஒப்பீட்டுக்கு வெள்ளையினக் குழந்தைகளைச் சேர்க்காதது இவ்வாய்வின் குறையாகச் சுட்டப்படுகிறது. எனினும், வளர்ப்புச் சூழலைச் சீர்செய்வது பெரியவர்களின் கடமை என்பதை இது அழுத்தமாக உணர்த்தியது.