‘உம்’ கொட்டும் குழந்தை: கதை வாசிப்பின் ஒரு சிறு வரலாறு

கதை கேட்பவரின் செயலுக்கென்றே தமிழில் ஒரு சொல் உண்டு: ‘உம் கொட்டுதல்’. கன்னடத்தில் ‘ஹூங்குட்டு’, தெலுங்கில் ‘ஊ கொட்டு’ என்பன அதற்கு இணையானவை. கேட்பவரின் ஒலி நின்றால் குழந்தை உறங்கிவிட்டது என்று பொருள். கதையும் அங்கே நின்றுவிடும். வில்லுப்பாட்டில் புலவரின் ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஆமாம்’ போடும் பின்பாட்டுக்காரரும் இம்மரபினரே. கேட்பவரின்றிக் கதை நகர்வதில்லை என்பதே இவற்றின் அடிப்படை.

அச்சு நூல் வந்தவுடன் இது மறைந்துவிடவில்லை. ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களை எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் உரக்க வாசிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்டனர். முறிவு நேர்ந்த இடம் வகுப்பறை. அங்கே மௌனம் ஒழுக்கமாயிற்று. வினா எழுப்பும் உரிமை ஆசிரியருக்குரியதாயிற்று. புத்தகம் தேர்வுக்குரிய பொருளாகச் சுருங்கியது.

1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் கருதத்தக்கது. படப் புத்தகத்தை வாசிக்கும் பெற்றோர் ‘ஆம், இல்லை’ என்ற விடையோடு முடியாத வினாக்களை எழுப்பவும், குழந்தையின் சொல்லை விரித்துத் திருப்பிச் சொல்லவும் பயிற்றுவிக்கப்பட்டனர். ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் வெளிப்பாட்டு மொழித்திறன், வழக்கமான முறையில் வாசிக்கக் கேட்ட குழந்தைகளினும் மேம்பட்டது. ‘உரையாடல் வாசிப்பு’ எனப்படும் இம்முறை, ‘உம்’மை முழுத் தொடராக வளர்க்கும் முயற்சி எனலாம்.

பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ், 2012 முதல் உலக எழுத்தறிவு நாளையொட்டித் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரே கதையைப் பல ஊர்களில், பல மொழிகளில் வாசிக்கச் செய்தது. 2015 செப்டம்பர் 8 அன்று வெளியான அதன் ‘ஸ்டோரிவீவர்’ தளம், கதைகளை எவரும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் திறந்த உரிமத்தில் வழங்கியது.

இதன் முழுப் பொருள் ஓசூர்ச் சாலையிலுள்ள ஹெப்பகோடி போன்ற இடங்களில் விளங்கும். பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி ஆலைகளையும் அலுவலகங்களையும் நாடி வந்த குடும்பங்களில் தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல வீட்டுமொழிகள் வழங்குகின்றன. பள்ளிமொழியோ கன்னடம் அல்லது ஆங்கிலம். படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று வினவினால் குழந்தை வாய் திறவாதிருக்கலாம். அது அறியாமை அன்று; விடை வேறொரு மொழியில் இருக்கிறது. அவ்விடையை அம்மொழியிலேயே ஏற்று, வாசிக்கும் மொழியில் விரித்துச் சொல்பவரே அக்குழந்தையைக் கதைக்குள் அழைத்துவருகிறார்.

குரலை மாற்றுவதும் பொம்மை காட்டுவதும் கவனத்தை ஈர்க்கும். ஆயினும் பழைய மரபு கேட்பது ஒன்றே: குழந்தை ‘உம்’ கொட்டும் வரை காத்திருத்தல்.