பாடியவருக்கு என்ன பங்கு?

வேப்பனப்பள்ளிக்கு ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என்று ஒரே ஆள் மூன்று மொழி பேசும் எல்லைச் சீமை இது. இங்கே கோயில் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டினால் மூன்று மொழிப் பாட்டும் கேட்கும், எஸ்.பி.பாலசுப்ரமணியம் மாதிரி ஒருவரே மூன்றையும் பாடியிருப்பார். அந்தப் பாட்டுகளுக்காகத் திருவிழாக் கமிட்டி யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு மதச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் விலக்கு அளித்திருக்கிறது. அதே பாட்டை ஓசூரில் ஒரு ஹோட்டல் புத்தாண்டு இரவில் போட்டால் உரிமம் வாங்க வேண்டும். அப்படிக் கட்டுகிற பணத்தில் பாடியவருக்கு ஒரு பங்கு உண்டு என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லத் தொடங்கியதே மிகச் சமீபத்தில்தான். ஏன் இவ்வளவு தாமதம்? தமிழ்நாட்டில் சட்டமும் சங்கீதமும் நூறு வருஷமாக ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. ஆனால் வக்கீல்கள் பாட்டின் பக்கம் ரசிகர்களாகவும் புரவலர்களாகவும் வந்தார்கள். பாடகர்கள் சட்டத்தின் பக்கம் கட்சிக்காரர்களாக மட்டுமே போனார்கள். மேடையை விட்டு இறங்கி, கறுப்பு கோட்டு மாட்டி, பாடுகிறவர்களுக்காக வாதாடப் போன பாடகர் நம்மிடம் உருவாகவில்லை. தாமதத்துக்குப் பெரிய காரணம் அதுவே என்பது என் கட்சி.

முதலில் வக்கீல்களைப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பேர்போன வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்தில் அந்தத் தொழிலை விட்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘குறை ஒன்றும் இல்லை’, எம்.எஸ்.சுப்புலட்சுமியின் குரலில் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. 1927 காங்கிரஸ் மாநாட்டின் விளைவாக 1928-ல் சென்னையில் பிறந்த மியூசிக் அகாடமியின் ஆரம்பச் செயலாளர்களில் ஒருவரான ஈ.கிருஷ்ணய்யரும் வக்கீல், சதிர் ஆட்டத்தின் மானத்தைக் காக்கத் தாமே பெண் வேடம் கட்டி ஆடியவர். எல்லாரையும்விட வியப்பூட்டுபவர் டி.எல்.வெங்கடராம ஐயர். அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர், டி.கே.பட்டம்மாளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைச் சொல்லிக்கொடுத்தவர், 1944-ல் சங்கீத கலாநிதி, 1954 முதல் 1958 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. இரண்டு துறையிலும் உச்சியைத் தொட்ட இப்படி ஒருவர் வேறெந்த ஊரிலாவது இருந்தாரா, தெரியாது. இவர் இருக்கும்போது என் கட்சி எப்படி நிற்கும் என்று கேட்கலாம். நிற்கும். இன்று அவரை நினைப்பது தீட்சிதரின் பாடாந்தரத்தைப் பிசகாமல் காப்பாற்றித் தந்ததற்காக. கச்சேரிக்காரரின் கூலி, பதிவின்மேல் அவருக்கு உள்ள பாத்தியதை என்பதெல்லாம் அந்தத் தலைமுறை வக்கீல்களின் கண்ணில் சங்கீத விஷயமாகவே படவில்லை. அவர்களுக்குச் சங்கீதம் பிழைப்பு இல்லை; அது பிழைப்பாக இருந்தவர்களின் கவலை அவர்களுக்கு எட்டியிருக்கவும் நியாயமில்லை.

பிழைப்பாக இருந்தவர்கள் சட்டத்தைச் சந்தித்த விதமே வேறு. பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்க்கை முழுக்கச் சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. 1878-ல் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தகப்பனார் ஒரு வக்கீல். தாயையும் மகளையும் கைவிட்டுப் போனவர். பெங்களூரில் அவரை ஆதரித்தவர் மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதி நரஹரி ராவ். பிறகு சென்னைக்கு வந்து பேரும் செல்வமும் சேர்த்தார். நகரத்தில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’ நூலை 1910-ல் அச்சிட்டார். ஆபாசம் என்று அரசாங்கம் அதைத் தடை செய்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதா 1920-களின் கடைசியில் பேச்சுக்கு வந்தபோது, பாடி ஆடிப் பிழைத்த பெண்கள் சங்கம் வைத்து அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். அதில் முன்னே நின்றவர் அவர். மனு பலிக்கவில்லை; 1947-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்ததில் எனக்குக் குறையில்லை. மசோதாவைக் கொண்டுவந்த முத்துலட்சுமி ரெட்டியின் நியாயம் பெரிது. ஆனால் அந்தப் பெண்களின் சொத்துரிமையையும் கலைத்தொழிலையும் பற்றிச் சட்டமொழியில் பேச அவர்களுக்குள் ஒருவர்கூட இல்லை என்பதும் அதே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எஞ்சிய வழிகளை நாகரத்தினம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திருவையாற்றில் தம் பணத்தில் தியாகராஜருக்குச் சன்னிதி எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றதும் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். கடைசியில் உயில் எழுதித் தம் சொத்தை அந்தச் சன்னிதிக்கான டிரஸ்டுக்கு விட்டார். பட்டம் வாங்காத வக்கீலின் மூளை அது.

இசைத்தட்டு வந்தபோது கதை இன்னும் கெட்டது. 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான் 3,000 ரூபாய் கேட்டு வாங்கியதாகச் சொல்கிறார்கள். தட்டின் முடிவில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் அறிவிப்பார். எங்கோ ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிவதற்கு அந்த ஏற்பாடு. சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கோர்ட்டு வழக்குகள் தின்றன. மைசூர் அரண்மனையில் சம்பளத்துக்குச் சேர்ந்து, 1930-ல் அங்கேயே இறந்தார். நம் பக்கத்தில் கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசி வாங்கினார். இரண்டு பேரும் பேரத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் பேரம் முன்பணத்தோடு முடிந்துபோகும். பாட்டு ஐம்பது வருஷம் ஓடினாலும் அதன் பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்கலாம் என்று சொல்ல 1914-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்திலோ 1957-ம் வருஷச் சட்டத்திலோ ஒரு வரியும் இல்லை.

இங்கே பாடகர் தரப்பிலிருந்தே வந்த மறுப்பு ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். முகமது ரஃபி ஒப்புக்கொள்ளவில்லை. பேசிய கூலியை வாங்கிய பிறகு பாட்டின்மேல் பாடகருக்கு என்ன பாத்தியதை, படம் ஓடாவிட்டால் நஷ்டம் தயாரிப்பாளருக்குத்தானே என்பது அவர் கேள்வி. சில வருஷம் இருவரும் சேர்ந்து பாடாத அளவுக்குச் சண்டை முற்றியது. ரஃபியின் வாதத்தில் நேர்மை இருக்கிறது, லேசில் தள்ளக்கூடாது. ஆனால் அவர் எண்ணியது தியேட்டரில் ஓடும் படத்தை. படம் பெட்டிக்குள் போன பிறகும் வானொலியிலும் கேசட்டிலும் ஹோட்டலிலும் பாட்டு தனியாகச் சம்பாதிக்கிறது. அந்த வருமானத்துக்குத் தயாரிப்பாளர் புதிதாக எந்த நஷ்டத்தையும் தாங்கவில்லை. லதா கேட்டது அதில் பங்கு. இந்த வித்தியாசத்தை அன்றே எழுத்தில் பிரித்துக் காட்ட ஒரு வக்கீல் இருந்திருந்தால், இரண்டு பெரிய பாடகர்களின் மனத்தாங்கலாக அது சுருங்கியிருக்காது.

கோர்ட்டில் அந்தப் பேச்சு 1977-ல் எழுந்தது, அதுவும் தற்செயலாக. இசையமைப்பாளர்களும் கவிஞர்களும் அடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். ஒரு பக்கம், கிழக்கிந்தியத் தயாரிப்பாளர்கள் சங்கம் மறுபக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை படப்பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்: பாடுகிறவருக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று. சென்னையில் சட்டம் படித்தவர், சங்கீதப் பிரியர். மனசு கேட்கவில்லை போலும். பாடகரின் உரிமைக்கு நம் சட்ட உலகில் கிடைத்த முதல் பெரிய வக்காலத்து, எந்தப் பாடகரும் கட்சிக்காரராக இல்லாத வழக்கில், யாரும் கேட்காமல் எழுதப்பட்ட ஒரு பின்குறிப்பு. அதற்குப் பலன் கிடைக்கப் பதினேழு வருஷம் ஆயிற்று. 1994 திருத்தம் நிகழ்த்துகிறவருக்கு உரிமை தந்தது. ஆனால் சினிமாவுக்குப் பாடச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று அடுத்த வரியிலேயே பிடுங்கிக்கொண்டது. சினிமாதான் பாட்டு என்றிருக்கும் நாட்டில் இது வெறும் காகிதம். 2012 திருத்தத்தில்தான் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி என்று தெளிவாக வந்தது. அடுத்த வருஷம் பாடகர்களின் சங்கமான இஸ்ரா பதிவாகி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பார்களின் மீதும் கிளப்புகளின் மீதும் வழக்குப் போட ஆரம்பித்தது.

நல்ல வக்கீலை அமர்த்திக்கொண்டால் போதாதா, பாடகரே ஏன் வக்கீலாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அமர்த்தலாம், ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டுமே. டிராக் பாடப்போன குரல் படத்தில் அப்படியே தங்கிவிடுவதும், பாடி முடித்த களைப்பில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதும், ஒரு மொழிக்குப் பேசிய கூலியில் இன்னொரு மொழியையும் பாடிக்கொடுப்பதும் ரெக்கார்டிங் தியேட்டரின் கண்ணாடிக்கு உள்ளே நின்றவருக்கே தெரிகிற சங்கதி. அமெரிக்காவில் இசைக்குழுவில் இருந்துவிட்டுச் சட்டம் படித்த டீனா லபோல்ட் என்பவர், 2018-ல் அங்கே வந்த இசைச் சட்டத்துக்காக முன்நின்று உழைத்தவர்களில் ஒருவர். பனாமாவின் சல்சா பாடகர் ரூபன் பிளேட்ஸ் ஹார்வர்டு வரை போய்ச் சட்டப் படிப்பு படித்தார். நம்மூரில் இது கடினம்தான். பார் கவுன்சில் விதிகள் வக்கீல் தன்னை விளம்பரம் செய்துகொள்வதைத் தடுக்கின்றன. மேடைப் பாடகருக்கோ பெயர்தான் முதல். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துவது சங்கடம், ஒன்றை விட்டுவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும். நாற்பது வயதில் குரல் இறங்கிய பாடகருக்கு மூன்று வருஷச் சட்டப் படிப்பு ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

பாட்டைப் படைத்தவர் இசையமைப்பாளர், பாடகர் வெறும் குரல்தானே என்பது கடைசி மறுப்பு. 2017-ல் இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் போனபோது நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. இளையராஜா கேட்டது இதுதான்: அவர் மெட்டை மேடையில் பாட அவருடைய அனுமதி வேண்டும். ஆனால் நிகழ்த்துகிறவரின் உரிமை மெட்டின்மேல் கேட்கப்படுவதே இல்லை. அது அந்த ஒரு நாள், அந்த ஒரு குரல் பாடிய பதிவின்மேல் உள்ள தனிப் பாத்தியதை. ஒன்று இன்னொன்றிலிருந்து ஒரு பைசாவும் எடுப்பதில்லை.

இந்த உரிமை நட்சத்திரங்களோடு நிற்பதும் இல்லை. சட்டம் நிகழ்த்துகிறவர் பட்டியலில் பாம்பாட்டியையும் கழைக்கூத்தாடியையும் சேர்த்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மெல்லிசைக் குழுவில் மூன்று மொழியில் பாடுகிறவரும் அதில் அடக்கம். அவர் கச்சேரியை அனுமதி கேட்காமல் படம்பிடித்து யூடியூபில் போட்டால் தடுக்க அவருக்கு வழி உண்டு. ஓட்டை இருப்பது சினிமாவில். வழக்கமான தொழில்முறையில் பெயர் போடப்படாத, தற்செயலாகப் பங்கெடுத்தவரைப் படத்தைப் பொறுத்தவரை நிகழ்த்துகிறவராகக் கருத வேண்டாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ராயல்டி கேட்கும் வழி அதோடு அடைபடுகிறது. கோரஸ் பாடியவர்களின் பெயர் டைட்டில் கார்டில் வருவதும் வராததும் தயாரிப்பாளரின் தயவில் இருக்கும்வரை, அவர்களுக்கு 2012 திருத்தம் வந்ததும் வராததும் ஒன்றுதான். பாடகராக இருந்து வக்கீலாகிறவர் முதலில் எழுத வேண்டிய ஒப்பந்த விதி பணத்தைப் பற்றியது அல்ல, அந்த டைட்டில் கார்டைப் பற்றியது.