தனிச் சலுகையும் பொது உரிமையும்

தென்னாப்பிரிக்க விடுதலைப் போரைப் பற்றி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கேயோ நடந்த அந்தப் போராட்டத்திற்கும் நம் சேரிக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினான். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வினாவிற்கு விடை கூற முற்படுகிறோம்.

1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்திய நம் வட தமிழ்நாட்டு மக்களும் அவர்களுள் பலர். நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனும் அந்நாட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்து, மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பியவரே.

அங்குள்ள இந்தியர் 1913 இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 இல் இளம் வயதிலேயே உயிர்நீத்தார். அவ்வாண்டே வரி நீங்கியது. ஈகம் பெரிது; ஆயினும் அப்போராட்டம் இந்தியரின் குறைகளுக்காக மட்டுமே நடைபெற்றது. மண்ணின் மைந்தரான ஆப்பிரிக்கரின் துயர் அதில் இடம்பெறவில்லை. இவ்வுண்மையை மறைத்துப் பயனில்லை.

1946 இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. இந்தியர் நிலம் வாங்கும் உரிமையைக் குறுக்கிய அச்சட்டம், அதற்கு ஈடாக, வெள்ளையர் சிலரைத் தம் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கும் சலுகையை நீட்டியது. இந்தியர் அதனை ஏற்க மறுத்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை புகுந்தனர். 1947 மார்ச் 9 அன்று நேட்டால் இந்தியக் காங்கிரசின் மருத்துவர் நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் மருத்துவர் தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் மருத்துவர் சூமா ஆகிய மூவரும் கூடிப் போராடுவதென உடன்படிக்கை செய்தனர்.

ஒற்றுமை ஒரே நாளில் வேரூன்றிவிடவில்லை. 1949 சனவரியில் தர்பன் நகரில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் மோதிக்கொண்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒடுக்கப்பட்டோர் தமக்குள் மோதினால் ஒடுக்குவோனுக்குக் காவலே தேவையில்லை. எனினும் தலைவர்கள் மனந்தளரவில்லை. 1952 ஆம் ஆண்டுச் சட்டமறுப்பில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் தளைப்பட்டனர். 1955 இல் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று, மக்களிடம் அவர்தம் வேண்டுகோள்களைக் கேட்டுத் திரட்டினர். அவற்றிலிருந்து உருவானதே கிளிப்டவுனில் நிறைவேறிய விடுதலைச் சாசனம்.

1984 இல் சூழ்ச்சி மீண்டும் தலைகாட்டியது. கலப்பினத்தார்க்கு ஓர் அவை, இந்தியர்க்கு ஓர் அவை. பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்க்கோ எதுவுமில்லை. பதவிக்கு ஆசைப்பட்டோர் சிலர் போட்டியிட்டனர். ஆனால் பதிவு பெற்ற இந்திய வாக்காளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே வாக்களித்தார். அண்டை வீட்டானுக்கு இல்லாத உரிமை தமக்கும் வேண்டாவென ஏனையோர் ஒதுங்கினர். பத்தாண்டுகளில், 1994 ஏப்ரல் 27 அன்று, அனைவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர்.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆலய நுழைவுச் சட்டம் 1947 இல் பிறந்தது. ஆயினும் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுள் நம் மக்கள் காலடி வைத்தது 2023 சனவரி 30 அன்றுதான். அதுவும் காவல்துறைப் பாதுகாப்புடன்! சட்டம் தானாக நடந்து வராது. மக்கள் திரண்டு நடந்தால்தான் அதுவும் உடன் நடக்கும். ஒரு குடும்பம் தனித்துச் சென்றிருப்பின் அவ்வாயில் திறந்திருக்குமா?

இளைஞர்களே, பிறரை நோக்கி வினவுமுன் நம்மை நாமே வினவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் மாலைப் பள்ளிக்கு இருளர் குடியிருப்பிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்தனர். "அவர்களுக்கு வேறொரு நாளில் தனியே நடத்தலாமே" என்று நம்முள் சிலர் கூறினர். அன்று நாமும் வாய்திறவாது இருந்துவிட்டோம். தனி நாள் குறிக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அப்பிள்ளைகள் வருவதை நிறுத்திக்கொண்டனர். ஒருவரை வெளியே நிறுத்தித் தனித்தனி அவை அமைத்தோரின் செயலுக்கும் அதற்கும் வேறுபாடு யாது? இன்றளவும் இக்கேள்வி நம்மை உறுத்துகிறது.

அம்மாணவனுக்கு நாம் கூறும் விடை இதுவே: எவரேனும் நமக்கு மட்டும் ஒரு சலுகை நீட்டினால், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று முதலில் பார். பதவியோ பணமோ தந்து உட்பிரிவுகளாக நம்மைக் கூறுபோட முனைவோர்க்கு இணங்காதே. அருந்ததியரும் இருளரும் நம்மோடு ஒரே பாயில் அமரட்டும். நம் மகளிர் சங்கக் கூட்டத்தில் கருத்துரைக்கட்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், அப்பிள்ளைகளை அவர்தம் வீடுதேடிச் சென்று மீண்டும் அழைத்து வருவதையே தன் முதற்பணியாகக் கொள்ளுமாக!