குழந்தைகளின் பேஸ்மேக்கர் கம்பி அகற்றல்

இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கரிலிருந்தோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் திருத்தும் டிபிரிலேட்டரிலிருந்தோ இதயத்துக்குச் செல்லும் லீட் எனப்படும் மின்கம்பியை, குழந்தையின் உடலிலிருந்து வெளியே எடுக்கும் சிகிச்சை இது. கம்பி முறிதல், கிருமித்தொற்று, நாளம் அடைபடுதல், பிள்ளை வளர்வதால் கம்பி எட்டாமல் போதல் ஆகியவை இதற்கான முக்கிய காரணங்கள்.

இத்துறையின் வரலாறு குழந்தைகளிடமிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை இதயத் துவாரங்களைச் சத்திரசிகிச்சையால் அடைத்தபோது, சில பிள்ளைகளுக்கு இதயத்தின் மின்கடத்தல் தடைப்பட்டது. 1957இல் அவர் இதயத் தசையில் ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் மறுமுனையை நெஞ்சுக்கு வெளியே கொண்டுவந்து மின்தூண்டலுடன் இணைத்தார். கருவி சுவர் மின்சாரத்தில் ஓடியது. அதே ஆண்டு அக்டோபர் 31இல் நகரில் மின்சாரம் தடைப்பட்ட பின், பற்றரியில் இயங்கி உடலில் அணியக்கூடிய பெட்டியை பொறியாளர் ஏர்ல் பாக்கன் சில வாரங்களில் செய்து கொடுத்தார். இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கியதும் கம்பியை இழுத்து எடுத்துவிடுவார்கள். முதற்கம்பி, எடுப்பதற்கென்றே வைக்கப்பட்டது. பின்வந்த தலைமுறை மறந்துபோன பாடம் இதுவே என்று சொல்லலாம்.

1958 அக்டோபரில் சுவீடனில் ஆகே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முழுக் கருவியையும் பொருத்தினார். அதே ஆண்டில் நியூயோர்க்கில் சீமோர் ஃபர்மன், நாளத்தின் வழியாகவே இதயத்துக்குள் கம்பி செலுத்தலாம் எனக் காட்டினார். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் அந்த வழி உலகெங்கும் பரவியது. 1980இல் டிபிரிலேட்டரும் மனித உடலுக்குள் வந்தது. ஆனால் நாளத்துக்குள் கிடக்கும் கம்பியை உடல் சும்மா விடுவதில்லை. மாதக்கணக்கில் நார்த்திசு அதைச் சுற்றி வளர்ந்து நாளச் சுவருடனும் இதயத்துடனும் ஒட்டவைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் சுண்ணாம்பு படிகிறது. பிள்ளைகளிடம் இந்தப் படிவு இன்னும் கடுமையானது. டிபிரிலேட்டர் கம்பியிலுள்ள அதிர்ச்சிச் சுருள்களுக்குள் திசு நுழைந்துவிடுவதால் அவற்றை எடுப்பது மேலும் கடினம்.

தொடக்கத்தில் வெறும் இழுவைதான். கம்பியின் நுனியில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அது தளரும்வரை நோயாளியைப் படுக்கையில் வைத்திருந்தார்கள். 1960களின் இறுதியில் அப்படிப்பட்ட அறிக்கைகள் வெளியாகின. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் பர்ட், கம்பியின் உட்குழலில் பூட்டிக்கொள்ளும் மெல்லிய ஊசிக்கம்பியையும், கம்பியின் மேல் சறுக்கிச் சென்று ஒட்டலைப் பிரிக்கும் உறைகளையும் பயன்படுத்தும் முறையை வளர்த்தார். 1997இல் எக்சைமர் லேசர் உறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1999இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் லேசர் 94% கம்பிகளை முழுதாக எடுத்தது. லேசர் இல்லாத முறை 64%. சுழன்று வெட்டும் உறைகளும் பின்னர் வந்தன. 2017இல் வெளியான ஐரோப்பியப் பதிவேட்டில் 3,500க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பெரும் சிக்கல்கள் 1.7% ஆக இருந்தன. மேற்பெருநாளம் கிழிவதே மிக அஞ்சப்படும் ஆபத்து. அதனால்தான் நெஞ்சைத் திறக்கத் தயாராக ஒரு சத்திரசிகிச்சைக் குழு அருகில் நிற்க வேண்டும்.

இவை பெரும்பாலும் வயதுவந்தோரைப் பற்றிய எண்கள். குழந்தையின் நாளம் குறுகியது. உறையின் விட்டமோ 4 மில்லிமீட்டருக்கு மேல். வளர்ச்சிக்கு இடம்விட்டு வலது மேலறையில் கம்பியை ஒரு வளையமாகத் தளர்வாக வைப்பார்கள். சில பிள்ளைகளில் அது சுவரில் ஒட்டி விரியாமல் நின்று, கம்பி இறுகி இதய வால்வை இழுக்கிறது. பயனற்ற கம்பியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுவது அன்றைக்கு எளிது. ஆனால் இரண்டு வயதில் கருவி பெற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுதும் நாளங்கள் தேவை. ஆகவே முதற்கம்பியை வைக்கும் நாளிலேயே அதை எடுக்கும் வழியையும் யோசிப்பதே நல்ல மருத்துவம். மிகச் சிறு குழந்தைகளுக்கு இதயத்தின் வெளிப்புறத்தில் தைக்கும் கம்பி, வளர்ந்த பிள்ளைக்கு 1.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய கம்பி, டிபிரிலேட்டராயின் ஒரே சுருள் என இன்றைய தெரிவுகள் அந்த யோசனையிலிருந்து வந்தவை. வெளிப்புறக் கம்பிக்கும் குறை உண்டு: எளிதில் முறியும், எடுப்பதென்றால் நெஞ்சைத் திறக்க வேண்டும்.

இலங்கையில் குழந்தை இதயச் சத்திரசிகிச்சையின் மையம் கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. உதாரணமாக, மன்னார்த் தீவிலிருந்து அது ஏறக்குறைய 300 கிலோமீட்டர். போரால் 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல்தான் மீண்டும் வந்தது; ரயில் பாதை மூடிக்கிடந்த அந்தக் கால்நூற்றாண்டில் கருவிப் பரிசோதனைக்குக்கூட ஒரு பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்பதைத் தீவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூரம் இன்றும் குறையவில்லை. ஆகவே முதலில் பார்க்கும் உள்ளூர் வைத்தியசாலையின் பங்கு பெரிது. கருவி உள்ள இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தாலோ, நுண்ணுயிர்கொல்லி மருந்து தொடங்குமுன் இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். வீக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுக்கக் கூடாது. தொற்று உறுதியானால் மருந்து மட்டும் போதாது. கருவியையும் கம்பிகளையும் முழுதாக எடுக்க வேண்டும். கம்பியின் வகை, பொருத்திய திகதி, கைவிடப்பட்ட பழைய கம்பி ஏதும் உள்ளே இருக்கிறதா என்ற விவரங்கள் அடங்கிய அட்டை பெற்றோரிடம் இருந்தால், கொழும்பிலுள்ள குழு பிள்ளை வந்து சேருமுன்பே சரியான உறையைத் தெரிவுசெய்து ஆயத்தமாகலாம்.