மீட்டரும் கிரிட்டும் பேச ஒரு மொழி

2007-ல வந்த அமெரிக்க எரிசக்திச் சட்டம், ஸ்மார்ட் கிரிட் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தேவையான தரநிலைகளை ஒருங்கிணைக்கும் வேலையை நிஸ்ட் அமைப்பிடம் கொடுத்தது. 2009-ல் அதற்குத் தலைமையேற்ற ஜார்ஜ் அர்னால்ட், பெல் லேப்ஸில் வளர்ந்த இன்ஜினியர். டெலிபோன்ல ஒரு காலத்துல பெல் வைச்சதுதான் சட்டம். கரண்ட்ல அப்படி இல்ல, சுமார் 3,000 மின் நிறுவனங்கள்!

2010 ஜனவரியில் வந்த முதல் கட்டமைப்பில் 75 தரநிலைகள். அதிலிருந்து ஐந்து தரநிலைக் குடும்பங்களை விதியாக்க, 2011 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையமான ஃபெர்க் மறுத்தது. போதிய கருத்தொற்றுமை இல்லையாம். நான் இதைத் தோல்வின்னு சொல்ல மாட்டேன். நம்ம ஏபிஐ-க்கு நாளைக்கே புது வெர்ஷன் விடலாம். சுவத்துல மாட்டின மீட்டர் பல வருஷம் அங்கேயேதான் இருக்கும். மீட்டரைக் கழட்டாமலே மென்பொருளை அப்டேட் பண்ணணும்ங்கிற தரநிலையை மட்டும் 2009-லயே அவசரமா முடிச்சிட்டாங்க.